தோற்ற ராஜாவுக்கு ஆள் தேவை

மார்ச் 4, சனி

ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டயர் கடைக்கு மேல்மாடி. படியேறும்வரை ரப்பர் நாற்றம், ஏறி முடித்ததும் டர்பன்டைன் நாற்றம். இரண்டில் எது தேவலை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏன் வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, சின்ன வயதிலிருந்தே ஆசை என்றேன். சுத்தப் பொய். சனிக்கிழமையும் வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அவ்வளவுதான். பாட்டில் தொழிற்சாலையை மூடியதிலிருந்து என் வீட்டுக்காரர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே டிவி, சத்தமில்லாமல். சாப்பிடறீங்களா? ம். அப்புறம் சாப்பிடறீங்களா? ம். சண்டை போடலாம் என்றால் அதற்கும் எதிராளி வேண்டுமே. ஒரு ஷிப்டில் இருநூறு பேரை ஆட்டிவைத்த மனுஷன்.

டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கொண்டையில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு, அந்தப் பிரஷ் எங்கே என்று எங்களிடம் கத்துகிறாள். பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே திரும்ப வரைவதுதான் கற்க நல்ல வழி என்று சொல்லி, ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தாள். மற்றவர்கள் பழம், பூ, படகு என்று எடுத்தார்கள். நான் ஒரு முழுப்பக்கப் படத்தில் நின்றுவிட்டேன். போரில் தோற்ற செய்தி வந்திருக்கிறது. தூதுவன் மண்டியிட்டிருக்கிறான். ராணி ஜன்னலருகே. மந்திரிகள் மூலையில் குசுகுசு. நடுவில் ராஜா. நாற்காலியில், தோள் சரிந்து, இடது கை தொங்க.

“அக்கா, அதுல பதினோரு பேர் இருக்காங்க. நாயைச் சேர்க்கல. ஆப்பிள்னா ஒண்ணே ஒண்ணு.”

“எனக்கு இதுதான் வேணும்.”

“ஏன்?”

“கலர் பிடிச்சிருக்கு.”

படம் முழுக்கப் பழுப்பு.

மார்ச் 7

கேன்வாஸை நிறுத்த ஈசல் வேண்டும். வீட்டில் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னேன்: “ஒரு ஈசல் வாங்கணும்.”

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: “எதுக்கு வாங்கணும்? மழை பெஞ்சா தானா வரும்.”

ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். ஒரு சலனமும் இல்லை. கிண்டலா, நிஜமாகவே பூச்சி என்று நினைத்தாரா? எப்படியிருந்தாலும் ஒரு முழு வாக்கியம். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். “அம்மா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவே?” என்றாள். பண்ணுவேன்.

மார்ச் 11, சனி

படத்தின் மேல் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே கணக்கில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பென்சிலால் வரைய வேண்டும். குழந்தைகூடச் செய்யும் என்றாள் டீச்சர். எங்கேயோ ஒரு கட்டம் தவறிவிட்டது. ராஜாவின் தலை மந்திரியின் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது. ராஜாவுக்குத் தலை இல்லை. செய்தி கேட்டதும் போய்விட்டது போல.

பக்கத்து ஈசல்காரர் எட்டிப் பார்த்து, “கொலைக் கேஸா?” என்றார். இவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஆப்பிளை வரைந்துகொண்டிருக்கிறார். வாடினால் தின்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவார், புதுசு வேறு மாதிரி இருக்கும், திரும்ப முதலிலிருந்து. வகுப்பில் எல்லோருக்கும் அவர் ஆப்பிள் சார்.

மார்ச் 18, சனி

முதல் பூச்சு. பழுப்பு ஒன்றை மட்டும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்தில் நிறுத்தினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“எல்லாரும் சேத்துல விழுந்துட்டாங்களா?”

மார்ச் 25, சனி

எண்ணெய் வண்ணம் காயும் என்கிறார்கள். இதோ வந்துவிட்டேன் என்று சொல்லும் குழாய் ரிப்பேர்காரர் மாதிரிதான். போன வாரம் தொட்ட மந்திரி இன்னும் கையில் ஒட்டுகிறார். கதவுக் கைப்பிடியில் மந்திரி, ஃப்ரிட்ஜில் மந்திரி, என் காதோரம் மந்திரி.

ஏப்ரல் 1, சனி

ராஜாவின் முகமும் உடம்பும் இன்று. தேதி பொருத்தம்தான்.

காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே எனக்கு மனிதர்களை உள்ளேயிருந்துதான் தெரியும். விலா எலும்பைக் காட்டினால் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன், வெளிப்பக்கம் வந்தால் திணறல். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். பட்டாடை கட்டிய எலும்புக்கூடு.

டீச்சர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். “எலும்பெல்லாம் கரெக்டா இருக்கு அக்கா. மேல ஒரு மனுஷனைப் போடுங்க. புத்தகத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. வீட்டுல யாரையாவது இதே மாதிரி உட்கார வெச்சுப் பாருங்க.”

உட்கார வைப்பதா?

ஏப்ரல் 5

நாற்காலிக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், காய் நறுக்குவதுபோல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தட்டில் தாளை வைத்து வரைந்தேன். அவர் கவனிக்கவில்லை. ராஜாவின் அதே தோள். அதே கை, அதே தொங்கல். ஒரு விரல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

காதில் நரைமுடி எப்போது வந்தது? வலது செருப்பின் வார் அறுந்து, நூல் போட்டுத் தைத்திருக்கிறார் — அவரேதான் தைத்திருக்க வேண்டும். எப்போது? நான் வேலைக்குப் போனபின் இந்த வீட்டில் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து செருப்பு தைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. தினமும்தான் அந்த நாற்காலியைத் தாண்டிப் போகிறேன், வருகிறேன்.

நறுக்காத காயைத் திரும்பக் கூடையில் போட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

முகம் வந்துவிட்டது. அதுதான் வினை. நான் கடைக்குப் போயிருந்தபோது துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார்.

“இது நான்தானே?”

“உட்கார்ற விதம் சரியா வரல, அதான்—”

“பதினோரு பேர் இருக்காங்க. மந்திரி இருக்கான், காவல்காரன் இருக்கான். உனக்கு நான் தோத்தவனாத்தான் தெரிஞ்சேனா?”

“எந்நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்தா வேற எப்படித் தெரியும்?”

சொல்லிட்டேன். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா எத்தனை நாள்தான் மூடிக்கிறது? நானும் மனுஷிதானே. ஆஸ்பத்திரியில நாள் பூரா நின்னுட்டு வந்து, இங்க ஒரு “ம்”முக்காகக் காத்துக் கிடக்கணுமா? — ஆனா அந்த முகம். நான் சொன்னதும் அந்த முகம் இருந்ததே. அதை எந்தப் படத்துலயும் போட முடியாது. போடவும் வேண்டாம்.

ஏப்ரல் 10

“ம்” கூட இல்லை.

ஏப்ரல் 12

நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். எனக்கு மாடலாக இருக்கக் கூடாதாம். மகளிடம் போனில் சொல்வது காதில் விழுந்தது. இப்போது சமையலறையில், வட்ட ஸ்டூலில். அதில் யாரும் தோள் சரிந்து உட்கார முடியாது, விழுந்துவிடுவார்கள். ஆக ராஜாவுக்கு ஆள் இல்லை. எனக்கோ தலைக்குமேல் சூப்பர்வைசர்.

ஏப்ரல் 14

உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறிவிட்டன. கேட்டால், “வலது கைக்கு எட்டுறதுதான் முதல்ல இருக்கணும்” என்று சுவரிடம் சொல்கிறார். டீயில் உப்பு. இரண்டு பேருமே ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

நாத்தனார் வந்தார். இவருக்கு மூத்தவர். நான்கு வீடு தள்ளி வரும்போதே குரல் வந்துவிடும், ஆள் பின்னால் வருவார். நேரே போய்த் துணியை இழுத்து, மூக்கு ஒட்டும் தூரத்தில் பார்த்தார். மூக்கு ஒட்டியது. மந்திரி இன்னும் காயவில்லை.

“இது என் தம்பி. எங்க அப்பா மூக்கு அப்படியே வந்திருக்கு. சரி, ஜன்னல்கிட்ட நிக்கறது நான்தானே?”

ராணி இன்னும் வெறும் பழுப்புக் கறை. “ஆமாம் அண்ணி” என்றேன். வேறு என்ன சொல்வது?

“இடுப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “டேய், எதுக்குடா ஸ்டூல்ல உட்கார்ந்து முறைச்சுட்டு இருக்கே? பொண்டாட்டி உன்னை ராஜாவா வரைஞ்சிருக்கா. என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல என்னை ஒழுங்கா ஒரு போட்டோ எடுத்ததில்ல. எல்லாத்துலயும் தலையை வெட்டிடுவார்.”

“தோத்த ராஜா, அக்கா.”

“தோத்தா என்ன? ராஜாதானே? கிரீடம் இருக்குல்ல?”

கிரீடம் படத்தில் தரையில் கிடக்கிறது.

அவர் மூக்கில் பழுப்போடு பஸ் ஏறிப் போனார். சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம் — சேர்ந்துதான் பார்த்தோம்.

ஏப்ரல் 19

தடிப் புத்தகத்தை எடுத்துப் படத்துக்குப் பின்னால் உள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்திருக்கிறார். சாப்பிடும்போது திடீரென்று:

“உன் ராஜா அங்க இல்லவே இல்ல.”

“எங்க?”

“அரண்மனையில. சண்டை நடந்தப்போ அவருக்குப் பல்வலி. வேற எங்கயோ போய்ப் பல்லைப் பிடுங்கிட்டுப் படுத்திருந்தாராம். படம் வரைஞ்சவன் நூறு வருஷத்துக்கு அப்புறம் பொறந்தவன். தூதுவன், ராணி, நாய் எல்லாமே கப்சா.”

“அப்போ நாற்காலியில உட்கார்ந்திருக்கறது யாரு?”

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது இருப்பான். வேலைவெட்டி இல்லாம.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். எனக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினார். தட்டிய கை ஒரு நொடி அங்கேயே இருந்தது.

“அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

“ம்” என்றார். இது வேறு ம்.

தட்டைக் கழுவும்போது, “ஞாயித்துக்கிழமை உட்கார்றேன். ஆனா சும்மா உட்கார மாட்டேன். எல்லாரையும் வரவெச்சு ஒழுங்கா ஷிப்ட் போட்டுச் செய்யணும்” என்றார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நடந்தது இது.

ராஜா: அவர். கட்டில் விரிப்பு பட்டாடை. ராணி: நாத்தனார், ஜன்னலருகே, வயிற்றை உள்ளிழுத்தபடி. தூதுவன்: ஆப்பிள் சார். மண்டியிட ஆள் வேண்டும் என்று வகுப்பில் கேட்டதும், “எத்தனை பேரை மண்டி போட வெச்சிருக்கேன், ஒரு தடவை நானும் போட்டுப் பார்க்கறேன்” என்று வந்துவிட்டார். நாய்க்கு ஒரு தலையணை.

ராஜா சோகமாக உட்கார வேண்டியவர். இவரோ உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். “தூதுவன் சார், இன்னும் கொஞ்சம் குனிங்க. படத்துல தலை இன்னும் கீழ இருக்கு. அக்கா, ஜன்னலை மறைக்காதே. வெளிச்சம் போயிடும், சீக்கிரம்!”

ஒருவழியாக மூவரும் அசையாமல் நின்ற நேரத்தில் பழக்க தோஷத்தில் என் வாய் சொல்லிவிட்டது: “மூச்சை இழுத்துப் பிடிங்க.”

பிடித்தார்கள். நான் பிரஷ்ஷை எடுத்து ராஜாவின் புருவத்தில் இறங்கினேன். புருவம் நன்றாக வந்தது. அடுத்த புருவத்துக்கும் போனேன். திரும்பினால் நாத்தனார் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறார். “விடுங்க” என்று சொல்ல மறந்துவிட்டேன்!

எல்லோரும் மூச்சு வாங்கிச் சிரித்து முடித்து, ஆப்பிள் சார் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. ராஜா ஒரு கையும் ராணி ஒரு கையும் பிடித்துத் தூக்க, தூதுவன் நாய்மேல் விழுந்தார்.

ஏப்ரல் 24

காலையில் ஆஸ்பத்திரியில் என் அறைக்கு முதல் ஆளாக வந்தது தூதுவன்தான். வலது முட்டியை எக்ஸ்ரே எடுத்தேன். இந்த முறை “விடுங்க” சொன்னேன். எலும்பு முறிவு இல்லை. தேய்மானம், வீக்கம். குணமாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“முட்டி கிடக்கட்டும்மா. புள்ளைங்களை யாரு பள்ளிக்கூடத்துல விடறது? இன்னைக்கு மருமகன் லீவு போட்டு வண்டியை எடுத்தான். நாளைக்கு?”

வீட்டில் வந்து சொன்னேன். இவர் டிவியை அணைத்தார்.

“நான்தான் இன்னும் குனியச் சொன்னேன்.”

“உங்க தப்பு இல்ல. அவருக்கு ஏற்கெனவே—”

“வேன் சாவி அவர்கிட்டயா இருக்கு, மருமகன்கிட்டயா?”

தொழிற்சாலை வேனை ஓட்டிய லைசென்ஸ் இவரிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஏப்ரல் 25

சாயங்காலம் வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வழுக்கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

“ஒருத்தி வாந்தி எடுத்துட்டா. ஒருத்தன் அடுத்தவனோட ஷூவை ஜன்னல் வழியா எறிஞ்சுட்டான். திரும்பிப் போய் எடுத்தா, அது அவனோட ஷூவே இல்லையாம். யாரோட ஷூன்னே தெரியல, வண்டியிலயே கிடக்கு. இருநூறு பேரை மேய்ச்சிருக்கேன், இந்த மாதிரி ஒரு கும்பலைப் பார்த்ததில்ல!”

நின்றுகொண்டே சொன்னார். உட்காரவே தோன்றவில்லை போல. இரண்டாவது தடவை சோறு கேட்டார். ஸ்டிக்கரைப் பற்றி நான் சொல்லவில்லை.

மே 6, சனி

கோடை லீவிலும் பள்ளியில் சிறப்பு வகுப்பு, வேன் ஓடுகிறது. குழந்தைகளுக்கு சீட் ஒதுக்கியிருக்கிறாராம். அடித்துக்கொள்பவர்கள் தள்ளி, வாந்திக்காரி முன்னால். எந்நேரமும் “ஷ்ஷ்” என்று சொல்வதால் அவருக்கு ‘ஷ்ஷ் மாமா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கோபமாகச் சொல்கிறார். தினமும் சொல்கிறார்.

ராணி முடிந்தது. இடுப்பு, உலகத்தில் எந்த எலும்புக்கும் பொருந்தாத இடுப்பு. நாத்தனார் போனில் இரண்டு முறை விசாரித்தார்.

மே 13, சனி

ஜூன் பத்தில் மாணவர் கண்காட்சி. எனக்கு ராஜாவின் தோளும் அந்தத் தொங்கும் இடது கையும் பாக்கி. முன்பு வரைந்த தாளைக் காணோம்; காய்த் தோலோடு நானே குப்பையில் போட்டிருப்பேன். “மாடல் இருக்காரில்ல அக்கா, அவரைப் பார்த்துப் போட்டுடுங்க” என்றாள் டீச்சர். மாடலுக்கு எங்கே நேரம்? வேனுக்கு டயர் பார்க்கக் கீழே கடைக்கு வந்தவர், மேலே வந்து ஒரு எட்டுப் பார்க்காமலே போயிருக்கிறார்.

மே 21, ஞாயிறு

கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தேன்.

“தோளைத் தொங்கவிடுங்க.”

“விட்டுட்டேனே.”

“இல்ல.”

“இதுக்கு மேல எப்படி விடறது?”

நானே போய் இரண்டு தோளையும் அழுத்தி இறக்கினேன். ஈசலுக்குத் திரும்பி வருவதற்குள் மேலே வந்துவிட்டன. கை தொங்க மாட்டேன் என்கிறது, தொடையில் தாளம் போடுகிறது. பிள்ளைகள் வண்டியில் பாடும் பாட்டாம். கண் ஜன்னல் வழியாக வேனிடம் போகிறது. “டேங்க்கை இன்னைக்கே நிரப்பிடணும்” என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு கோடும் போடவில்லை. வண்ணம் தொடாத பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மே 27, சனி

ஆப்பிள் சார் தடி இல்லாமல் படியேறி வந்தார். நான் எடுத்த எக்ஸ்ரே, நானே நன்றாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இவருக்குத் திரும்ப நாற்காலி.

வீட்டில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். சாயங்காலம் ஆப்பிள் சாரே வந்து கதவைத் தட்டினார்.

இவர் சாவியை எடுத்து நீட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை, ஈசல் சொன்ன நாள் மாதிரி. “பிரேக் சரி பண்ணியிருக்கேன். பின்சீட்டுல ஒரு ஷூ இருக்கும், யாராவது கேட்டா குடுத்துடுங்க.”

ஆப்பிள் சார் சாவியை வாங்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டார். நல்ல முட்டியை. அது இடது.

“உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா நீங்களே ஓட்டுங்களேன். அதுங்களை நான் பிடிச்சது போதும். எனக்கு இன்னும் ஆப்பிள் முடியல.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் இவர். ஆப்பிள் சார் தெருமுனை தாண்டுமுன் இவர் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினார்: “சரி சார்!”

நான் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். டர்பன்டைன் கண்ணில் பட்டது என்றேன்.

ஜூன் 8

இரண்டு நாள்தான் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடியை நிறுத்தி, தோளைத் தளர்த்தி, இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையால் வரைந்தேன். சிரமமே இல்லை. என் உடம்புக்கும் அந்தச் சரிவு தெரிந்துதான் இருக்கிறது. இத்தனை மாதம் நின்றுகொண்டே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தபோது டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கை பிரமாதம் அக்கா. ஆனா ராஜாவோட மணிக்கட்டுல வளையல் தடம் இருக்கு.”

“இருக்கட்டும்” என்றேன்.

ஜூன் 10, சனி

கண்காட்சி. டயர் கடைக்காரர்கூட மேலே வந்து பார்த்தார். மகள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். நாத்தனார் ராணிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, இடுப்பு செய்த சதி. எல்லோரும் பாராட்டியது ஆப்பிளைத்தான். உள்ளபடியே நல்ல ஆப்பிள்.

சனிக்கிழமையும் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. அவர் வர நேரமாகிவிட்டது. வந்தவர் தனியாக வரவில்லை. முன்சீட் வாந்திக்காரியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் அம்மா வர நேரமாகுமாம். அந்தப் பொண்ணு பதினோரு பேரையும் விட்டுவிட்டு நேரே ராஜாவிடம் போய் நின்றது.

“ஷ்ஷ் மாமா, இவர் அழறாரா?”

“இல்ல. உட்கார்ந்திருக்கார்.”

“ஏன்?”

இவர் படத்தைப் பார்த்தார். புருவத்திலிருந்து தோள், தோளிலிருந்து அந்தக் கை. பார்வை கையிலேயே நின்றது. பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். நான் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“களைப்பா இருந்திருக்கும்” என்றார். “ரெண்டு பேருக்கும்.”

“ரெண்டு பேர் எங்க இருக்காங்க? ஒரு ராஜாதானே?”

“ஷ்ஷ்” என்றார் அவர். என்னிடம், “நீயும் வா. இவளை விட்டுட்டு அப்படியே போயிடலாம். முன்சீட்டு இவளுக்கு, நீ பின்னால உட்காரணும்” என்றார்.

பின்சீட்டில் அந்த ஷூவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.